ஜிஹாத்: ராமநாதபுரம் கரையோரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என்று இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஜிஹாத் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் எதையோ பார்த்துப் பதறிப்போன உம்மாமார்கள் கேட்கிறார்கள். பள்ளியில் எங்களோடு ஒரே பெஞ்சில் படித்த இந்து, கிறிஸ்தவ நண்பர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கரையோர ஊர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியச் சட்ட வழிகளுள் ஒன்றான ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவதால், சட்டம் பேசும் இடங்களில் ஷாஃபி நூல்களையே முதலில் எடுத்திருக்கிறேன். இது ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அல்ல. தனிப்பட்ட பிரச்சினைகளுக்கு உங்கள் ஊர் ஆலிமை (மார்க்க அறிஞரை) நேரில் பாருங்கள்.

ஜிஹாத் என்றால் புனிதப் போர்தானே?

பத்திரிகைகள் அப்படித்தான் எழுதிப் பழகிவிட்டன. ஆனால் குர்ஆனில் போரிடுவதற்குத் தனிச் சொல் இருக்கிறது: கித்தால். ஜிஹாத் அதைவிட அகன்றது. அல்லாஹ்வுக்காக உயிராலும் பொருளாலும் நாவாலும் முழு மூச்சாகப் பாடுபடுவது ஜிஹாத். போர் அதில் ஒரு பகுதி.

இதற்கு மக்காவில் இறங்கிய ஒரு வசனமே சாட்சி. "இதைக் கொண்டு அவர்களோடு பெரும் ஜிஹாத் செய்வீராக" (25:52) என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கட்டளை வருகிறது. "இது" என்பது குர்ஆன். அந்த நாளில் முஸ்லிம்களிடம் படையும் இல்லை, போரிட அனுமதியும் இல்லை. அப்படியிருந்தும் அல்லாஹ் அதைப் "பெரும் ஜிஹாத்" என்கிறான்.

அதற்காகப் போர் என்ற பொருளே ஜிஹாதுக்குக் கிடையாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதும் நேர்மையல்ல. பிக்ஹு எனப்படும் மார்க்கச் சட்ட நூல்களில் ஜிஹாத் என்று தலைப்பிட்ட பாடத்தைத் திறந்தால் போர்ச் சட்டம்தான் இருக்கும். பெரும்பாலான கேள்விகளும் அதைப் பற்றியே என்பதால் நானும் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். அந்தப் பாடத்தை வரிவரியாக ஓதியவருக்கு ஒன்று தெரியும். போருக்குப் புறப்படுகிறவனின் வழியில் ஒவ்வோர் அடிக்கும் யாரோ ஒருவருடைய உரிமை குறுக்கே நிற்கிறது. பெற்றோரின் உரிமை, கடன் கொடுத்தவரின் உரிமை, ஒப்பந்தக்காரரின் உரிமை, எதிரி நாட்டுப் பெண்ணின் உரிமை, ஏன், மரத்தின் உரிமையும்கூட. அவற்றை மிதித்துவிட்டுப் போகிறவன் செய்வதற்கு ஷரீஅத்தில் ஜிஹாத் என்று பெயர் இல்லை.

போரிடும் அனுமதி எப்போது வந்தது?

மக்காவில் 13 ஆண்டுகள் முஸ்லிம்கள் அடிபட்டார்கள். பிலால் (ரலி) சுடுமணலில் கிடத்தப்பட்டார். சுமைய்யா (ரலி) கொல்லப்பட்டார். அப்போதும் கையை ஓங்க அனுமதி இல்லை. பொறுமை ஒன்றுதான் கட்டளை. 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) போன பிறகே முதல் அனுமதி இறங்கியது.

அந்த வசனத்தின் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். "அநீதி இழைக்கப்பட்டவர்கள் என்பதால், போர் தொடுக்கப்பட்டவர்களுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. அவர்கள் நியாயமின்றித் தம் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள்" (22:39, 40). காரணத்தைச் சொல்லித்தான் அனுமதியே வருகிறது. அதே மூச்சில், மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுத்திராவிட்டால் மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும் என்று வருகிறது. முதன்முதலாக வாளெடுக்க அனுமதித்த வசனம் அடுத்தவருடைய வழிபாட்டுத் தலங்களைப் பள்ளிவாசலுக்கு முன்பாகவே பெயர் சொல்லி வைக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

பிறகு வந்த வசனமும் எல்லை போட்டே வருகிறது: "உங்களுடன் போரிடுகிறவர்களோடு அல்லாஹ்வின் பாதையில் போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்" (2:190). எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீங்களும் சாயுங்கள் (8:61).

போரை யார் அறிவிக்கலாம்?

ஆட்சியாளர் மட்டுமே. "இமாம் ஒரு கேடயம், அவருக்குப் பின்னால் நின்றே போர் செய்யப்படும்" என்பது புகாரி என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி). இங்கே இமாம் என்பது தொழ வைக்கிறவர் அல்ல, நாட்டுத் தலைவர். தனி மனிதரோ, ஒரு குழுவோ, இணையத்தில் முகம் மறைத்துப் பேசுகிறவரோ அறிவிக்க முடியாது.

ஒருவர் போருக்குப் போக யாருடைய அனுமதி வேண்டும்?

நபியவர்களிடம் ஒருவர் வந்து ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்டார். "உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். "ஆம்" என்றார். "அப்படியானால் அவர்களிடம் உன் ஜிஹாதைச் செய்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகாரியிலும், முஸ்லிம் என்ற இன்னொரு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கும் ஹதீஸ் இது. அதனால்தான் வாப்பாவும் உம்மாவும் அனுமதிக்காமல் மகன் போருக்குப் புறப்படுவது ஹராம் என்று ஷாஃபி நூல்கள் எழுதுகின்றன. எதிரி ஊருக்குள்ளேயே புகுந்து ஒவ்வொருவர் மேலும் தற்காப்பு கடமையாகிவிட்ட நிலை மட்டும் இதற்கு விலக்கு.

அடுத்தது கடன். தவணை வந்துவிட்ட கடன் இருக்கிறவர், அடைக்க வசதியும் உள்ளவர் என்றால், கடன் கொடுத்தவர் சம்மதிக்காமல் புறப்படக் கூடாது. "நான் அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டால் என் பாவங்கள் மன்னிக்கப்படுமா?" என்று ஒருவர் கேட்டபோது, "ஆம், பொறுமையோடு புறமுதுகு காட்டாமல் நின்றிருந்தால்" என்று சொன்ன நபியவர்கள், "கடனைத் தவிர, ஜிப்ரீல் இதை எனக்குச் சொன்னார்" என்று சேர்த்தார்கள் (முஸ்லிம்). அல்லாஹ்வின் பாதையில் ரத்தம் சிந்தி உயிர்நீத்த ஷஹீதுக்கும் அடுத்தவன் காசு கழுத்தைச் சுற்றியே நிற்கிறது.

இந்தக் கரையில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டி நிற்கும்போது, தொழுகை தொடங்குமுன் மூத்த மகனோ மருமகனோ முன்னே வந்து, "எங்கள் வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், யாரையாவது மனம் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறீர்கள். கடலுக்குப் போய் இறந்தவர் என்றால் டீசல் கடன், வலைக் கடன், மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். அழுது வீங்கிய முகத்தோடு, கைலி நனைந்திருக்க, குரல் உடைந்து ஒரு பதினெட்டு வயதுப் பையன் அதைச் சொல்லி முடிப்பதையும், முன்வரிசையில் நிற்கும் வியாபாரி தலையை அசைத்து ஏற்றுக்கொள்வதையும் பார்த்தவர்களுக்கு, ஷஹீதுக்கும் விலக்கில்லாத கடன் எப்படிப்பட்டது என்பது புரியும்.

போர்க்களத்தில் யாரைத் தொடக் கூடாது?

பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது. இதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஒரு போருக்குப் பின் ஒரு பெண்ணின் உடல் கிடந்ததைப் பார்த்து நபியவர்கள் கடிந்துகொண்டார்கள். "இவள் போரிடக்கூடியவளாக இல்லையே" என்று சொல்லி, முன்னணிப் படையில் இருந்த காலித் பின் வலீதுக்கு ஆள் அனுப்பினார்கள்: பெண்ணையும் கூலியாளையும் கொல்லாதே (அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பு). கூலிக்கு வந்த வேலைக்காரன் எதிரியின் பாசறையில் இருந்தாலும் அவன் எதிரி அல்ல என்பது அந்தக் கட்டளையின் பொருள்.

முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு (சிரியா பகுதிக்கு) படை அனுப்பியபோது தளபதி யஸீத் பின் அபீ சுஃப்யானுக்குச் சொன்ன பத்து அறிவுரைகள் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் இருக்கின்றன. பெண், குழந்தை, முதியவர் யாரையும் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, குடியிருப்பைப் பாழாக்காதே, உண்பதற்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே, தேனீக்களை எரிக்காதே. இறைவனுக்காக ஒதுங்கி வாழும் துறவிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடு என்றும் சொன்னார்கள். துறவியர், முதியவர் விஷயத்தில் பிற்காலச் சட்ட அறிஞர்களிடையே, ஷாஃபி மத்ஹபுக்குள்ளேயும், வேறு கருத்துகள் உண்டு. நான் கலீஃபாவின் பக்கம்தான் நிற்கிறேன்.

இறந்த எதிரியின் உடலைச் சிதைப்பதும் தடை. நெருப்பைக் கொண்டு தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே என்பதும் ஹதீஸ். களத்தில் கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) சொன்ன ஒருவனை, "உயிருக்குப் பயந்துதான் சொன்னான்" என்று நபித்தோழர் உஸாமா (ரலி) கொன்றுவிட்டார். "அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா?" என்று நபியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் நான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்கு அந்தக் கேள்வி அவரை அறுத்தது.

"கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்று குர்ஆனில் இருக்கிறதே?

இருக்கிறது; 9ஆம் அத்தியாயம், 5ஆம் வசனம். நண்பர்கள் இதைக் கேட்கும்போது கோபப்படாதீர்கள். குர்ஆனைத் திறந்து முன்னும் பின்னும் இருக்கும் வசனங்களைச் சேர்த்துக் காட்டுங்கள்.

4ஆம் வசனம், ஒப்பந்தத்தை மீறாத இணைவைப்பாளர்களுடன் தவணை முடியும்வரை ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்கிறது. 6ஆம் வசனம், அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, அல்லாஹ்வின் வார்த்தையைக் கேட்க வைத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது முஸ்லிமின் பொறுப்பு. 13ஆம் வசனம், இவர்கள் சத்தியத்தை முறித்தவர்கள், உங்கள்மேல் முதலில் கைவைத்தவர்கள் என்று காரணம் சொல்கிறது. ஆக, 5ஆம் வசனம் பேசுவது ஒப்பந்தத்தை முறித்துப் போர் தொடுத்த அரபுக் குலங்களைப் பற்றி.

இந்த ஒரு வசனம் சமாதானம் பேசும் மற்ற வசனங்களையெல்லாம் மாற்றிவிட்டது என்று சொன்ன முன்னோர் சிலர் உண்டு. தஃப்ஸீர் என்னும் குர்ஆன் விரிவுரைக் கலையின் பெரிய ஆசிரியரான இமாம் தபரி அதை ஏற்கவில்லை. மார்க்கத்துக்காக உங்களுடன் போரிடாதவர்களுக்கும் உங்களை வீட்டைவிட்டு விரட்டாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற வசனம் (60:8) மாற்றப்படவே இல்லை என்று அவர் உறுதியாக எழுதியிருக்கிறார்.

பழைய சட்ட நூல்களில் ஆண்டுக்கு ஒரு முறை படையெடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதாமே?

எழுதியிருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் இல்லாத இரண்டு அரசுகள் என்றாலே போர் நிலை என்று உலகமே நடந்துகொண்ட காலத்தில் எழுதப்பட்ட நூல்கள் அவை. அதே நூல்கள், எல்லைக் கோட்டைகளைப் பலப்படுத்திப் போதிய ஆட்களை நிறுத்திவிட்டாலே அந்தக் கடமை நிறைவேறிவிடும் என்றும் எழுதுகின்றன. இமாம் நவவியின் மின்ஹாஜ் என்ற ஷாஃபி சட்ட நூலுக்கு விரிவுரை எழுதிய கதீப் ஷிர்பீனி (இறப்பு 1570) இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: ஜிஹாத் கடமையானது ஒரு வழி என்ற முறையில்தான், நோக்கம் என்ற முறையில் அல்ல, நோக்கம் நேர்வழி காட்டுவது, ஆதாரத்தை எடுத்துவைத்தே அதைச் சாதிக்க முடியுமானால் போரைவிட அதுவே மேல்.

எந்தக் காரணத்துக்காகப் போர் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எதிரியின் தாக்குதல்தான் காரணம், அவனுடைய நம்பிக்கை அல்ல என்று ஹனஃபி மத்ஹபினர் உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்கள் சொன்னார்கள். இமாம் ஷாஃபியின் பெயரில் அதற்கு மாறான கருத்தும் பதிவாகியிருக்கிறது. இன்று ஒவ்வொரு முஸ்லிம் நாடும் பிற நாடுகளோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறது. "உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள்" (5:1) என்ற கட்டளை அந்தக் கையெழுத்துக்கும் பொருந்தும் என்றே இக்காலத்துப் பெரும் அறிஞர்கள் தீர்ப்பளிக்கிறார்கள்.

நம் கரையில் எப்போதாவது ஜிஹாத் நடந்திருக்கிறதா?

மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையை நீங்கள் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். 1538இல் அந்தக் கடற்கரையில் ஒரு பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசாவின் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள். இன்னொரு பக்கம் கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் கடற்படை. அதை நடத்தி வந்தவர்கள் முஸ்லிம் கடலோடிகளான மரக்காயர்கள். இலங்கையில் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவப் போய்க்கொண்டிருந்த அந்தப் படை இங்கே தோற்றது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்ச்சுக்கீசியர்கள் முஸ்லிம்களின் கப்பல்களைக் கொளுத்தியதையும், ஹஜ் பயணிகளைக் கொன்றதையும், பள்ளிவாசல்களை இடித்ததையும் விவரித்து, அவர்களை எதிர்த்துப் போரிடுவது ஜிஹாத் என்று பொன்னானியைச் சேர்ந்த ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் ஒரு நூல் எழுதினார்: துஹ்ஃபத்துல் முஜாஹிதீன். ஷாஃபி மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீனின் ஆசிரியரும் அவரேதான். அந்த ஜிஹாத் நூல் சாமூதிரியைப் புகழ்கிறது. மலபாரின் இந்து மன்னர்கள் முஸ்லிம்களை எவ்வளவு மதிப்போடு நடத்தினார்கள் என்று நன்றியோடு பதிவு செய்கிறது. ஆக, மக்தூம் பார்வையில் ஜிஹாத் என்பது ஓர் இந்து மன்னனின் கொடியின் கீழ், அவனுடைய கட்டளைப்படி, கடல்வழிக் கொள்ளையையும் கொடுமையையும் எதிர்த்து நிற்பதாக இருந்தது. மத வேறுபாட்டை வைத்து அண்டை வீட்டுக்காரன் மேல் பாய்வதற்கு ஜிஹாத் என்று பெயர் சூட்டுகிறவர்கள் அந்த நூலைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து இதே சேது நாட்டில் கிழவன் சேதுபதியும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஏர்வாடியில் அடங்கியிருக்கும் இப்ராஹிம் ஷஹீது பாதுஷா போரிட்டவர்தானே?

மதீனாவிலிருந்து வந்து பாண்டியரோடு போரிட்டு ஷஹீதானார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வழிவழிச் செய்தியை வழிவழிச் செய்தியாகவே மதிப்போம். சட்டத்தைக் கிஸ்ஸாவிலிருந்து (கதையிலிருந்து) எடுப்பதில்லை. குர்ஆன், ஹதீஸ், இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த கருத்து), கியாஸ் (ஒப்பிட்டு முடிவெடுத்தல்) என்று அதற்கு மூலங்கள் உண்டு. அதே தர்காவுக்குச் சேதுபதி மன்னர்கள் நிலம் மானியமாகக் கொடுத்தார்கள். சந்தனக்கூடு அன்று அங்கே திரளும் கூட்டத்தில் இந்துக்கள் எவ்வளவு பேர் என்பதை வந்து பார்த்தால் தெரியும்.

இந்தியாவில் வாழும் முஸ்லிமுக்கு என்ன சட்டம்?

நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அவர்களின் வரலாறு இதற்குப் போதும். அவரும் அவருடைய தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் எதிரிகளான மக்காவின் குறைஷிக் குலத்தாரிடம் பிடிபட்டார்கள். நபியவர்களோடு சேர்ந்து எங்களுக்கு எதிராகப் போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார்கள். விடுபட்டு வந்தபோது பத்ரு போர் வாசலில் நிற்கிறது. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம். ஒவ்வோர் ஆளும் பொன் பெறும் நேரம். நபியவர்கள் சொன்னது இதுதான்: "நீங்கள் இருவரும் திரும்பிப் போங்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் காப்பாற்றுவோம்; அவர்களுக்கு எதிராக அல்லாஹ்விடம் உதவி கேட்போம்" (முஸ்லிம்).

பிடிபட்ட நிலையில், இணைவைப்பாளர்களுக்கு, போர்க்காலத்தில் கொடுத்த வாக்குக்கே இந்த மதிப்பு. அப்படியிருக்க, சொந்த மண்ணில், யாருடைய கட்டாயமும் இல்லாமல், பாஸ்போர்ட்டிலும் வாக்காளர் அட்டையிலும் நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் குடியுரிமை என்னும் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்? ஒப்பந்தத்தில் உள்ள ஒருவரைக் கொன்றவன் சொர்க்கத்தின் வாடையைக்கூட நுகர மாட்டான். அந்த வாடையோ நாற்பது ஆண்டுப் பயணத் தொலைவிலிருந்தே வீசும் என்பது புகாரி ஹதீஸ்.

அநீதி நடந்தால் வாய்மூடி இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. கொடுங்கோல் ஆட்சியாளன் முன் சொல்லப்படும் நியாயமான வார்த்தை சிறந்த ஜிஹாத் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. நீதிமன்றம், மனு, அமைதியான போராட்டம், வாக்குச்சீட்டு, எழுத்து எல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லும் வழிகள்தாம்.

கோவை, கொழும்பு குண்டுவெடிப்புகளைச் செய்தவர்களும் ஜிஹாத் என்றுதானே சொன்னார்கள்?

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் காய்கறி வாங்க வந்தவரையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவரையும் அதற்குப் பதிலாகக் கொல்வதற்கு எந்த மத்ஹபில் இடம் இருக்கிறது? "ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம்" (5:8) என்பது பாதிக்கப்பட்டவனுக்கே சொல்லப்பட்ட கட்டளை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தனுஷ்கோடிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில், கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிபாட்டில் இருந்த குழந்தைகள் அதில் எத்தனை பேர்! ஆட்சியாளர் இல்லை, ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை, பெண் குழந்தை என்ற வரம்பில்லை, நெருப்பு என்ற தடையில்லை, கிறிஸ்தவ ஆலயத்தைப் பெயர் சொல்லிக் காத்த வசனத்துக்கும் மரியாதையில்லை. அதற்கு மேல் தற்கொலை. ஒரு போரில் முஸ்லிம்கள் தரப்பில் எல்லோரும் வியக்கும்படி சண்டையிட்ட ஒருவன், காயத்தின் வலி தாங்காமல் தன் வாளால் தன்னையே கொன்றுகொண்டான். அவன் நரகவாசி என்றார்கள் நபியவர்கள். தன்னைக் கொன்றுகொண்டவனுக்கே அந்தத் தீர்ப்பு என்றால், தன்னோடு சேர்த்து அப்பாவிகளையும் கொன்றவனை ஷஹீது என்று எந்த நாக்கால் சொல்வது?

2008 பிப்ரவரியில் தேவ்பந்த் தாருல் உலூம் மாநாடு கூட்டி இத்தகைய செயல்கள் இஸ்லாத்துக்கு விரோதமானவை என்று அறிவித்தது. நம் ஊர் மிம்பர்களிலும் (பள்ளிவாசல் மேடைகளிலும்) இது பொத்தாம் பொதுவாக அல்லாமல் பெயர் சொல்லிப் பேசப்பட வேண்டும்.

மனதோடு செய்யும் போர்தான் பெரிய ஜிஹாத் என்கிறார்களே?

"சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்" என்ற செய்தியைச் சூஃபிகள் மிகவும் போற்றுவார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் பைஹகீ குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் "தன் நஃப்ஸோடு (மன இச்சையோடு) போராடுகிறவனே முஜாஹித்" என்பது திர்மிதியில் நல்ல தொடருடன் இருக்கிறது. வலுவான ஹதீஸ் கையில் இருக்கும்போது பலவீனமானதை மேடையில் முழங்க வேண்டியதில்லை.

கடலில் மூழ்கி இறந்தவர் ஷஹீதா?

ஆம். கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவர் என ஷஹீதுகள் ஐவர் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. பிரசவத்தில் இறக்கும் தாயும் ஷஹீது என்று வேறு ஹதீஸ்கள் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இந்த ஹதீஸ்தான் பெரிய ஆறுதலாக இருந்தது.

இவர்கள் மறுமையின் ஷஹீதுகள். கூலி உண்டு, ஆனால் இவ்வுலகச் சட்டத்தில் எல்லா மையித்தையும் (இறந்த உடலையும்) போலவே குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழவைத்து அடக்க வேண்டும். களத்தில் கொல்லப்பட்ட ஷஹீதுக்கு மட்டும் சட்டம் வேறு: உஹத் போரில் இறந்தவர்கள் ரத்தத்தோடு, குளிப்பாட்டாமல் அடக்கப்பட்டார்கள். ஷாஃபி மத்ஹபில் அவருக்குத் தொழுகையும் இல்லை. ஹனஃபி மத்ஹபில் தொழுகை உண்டு.

உடலே கிடைக்காவிட்டால்? கரையில் அடிக்கடி வரும் கேள்வி இது. குளிப்பாட்ட வழியில்லாதபோது தொழுகை இல்லை என்று மின்ஹாஜில் இருக்கிறது. முடியாததற்காக முடிந்ததைக் கைவிடக் கூடாது என்று சொல்லி, தொழலாம் என்று கருதிய பிற்கால ஷாஃபி அறிஞர்களும் உண்டு. குடும்பத்தின் மனநிலை அறிந்த ஆலிம் ஒருவர் முடிவு சொல்லட்டும்.

எல்லை தாண்டியதாகச் சுடப்பட்டு இறக்கும் மீனவரைப் பற்றியும் கேட்கிறார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவரையும் மறுமையின் ஷஹீதுகள் பட்டியலில் ஷாஃபி நூல்கள் சேர்க்கின்றன. சிறு பிள்ளைகளுக்காகவும் முதிய பெற்றோருக்காகவும் சம்பாதிக்கப் புறப்பட்டவன் அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறான் என்று தபரானியின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. வீட்டுக்காகக் கடலுக்குப் போனவரைப் பற்றி நல்லதையே நினைப்போம்.

பெண்களுக்கு ஜிஹாத் உண்டா?

ஆயிஷா (ரலி) கேட்டதற்கு, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜே சிறந்த ஜிஹாத் என்று பதில் வந்தது. போரில் தண்ணீர் சுமந்த, காயத்துக்கு மருந்திட்ட பெண்கள் பலர். உம்மு ஹராம் (ரலி) என்ற பெண்மணியின் வீட்டில் உறங்கி எழுந்த நபியவர்கள், தம் சமூகத்தார் சிம்மாசனத்தில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் பயணம் போவதைக் கனவில் கண்டதாகச் சொன்னார்கள். "நானும் அவர்களில் இருக்க துஆச் செய்யுங்கள்" என்றார் அவர். பின்னாளில் முஆவியாவின் காலத்துப் படையோடு கடல் கடந்து சைப்ரஸ் போய், அங்கே வாகனத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய அடக்கத்தலம் இன்றும் லார்னகாவில் இருக்கிறது.

என் மகன் இரவெல்லாம் ஏதோ வீடியோ பார்க்கிறான். ஜிஹாத் என்று பேசுகிறான். என்ன செய்வது?

கைப்பேசியைப் பிடுங்கி அடிப்பதால் பயனில்லை, ஒளிந்து பார்ப்பான். அருகில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். பேசுகிறவர் யாரிடம் ஓதினார், எந்த மதரஸாவில் எந்த நூலை முடித்தார் என்று கேளுங்கள். உம்மாவின் அனுமதி பற்றி, கடன் பற்றி, ஒப்பந்தம் பற்றி அவர் ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று அவனையே தேடச் சொல்லுங்கள். சொல்லியிருக்க மாட்டார். பிறகு ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசானிடம்) அழைத்துப்போங்கள். அவர் கோபக்காரர் என்றால் வேறு நிதானமான ஆலிமைத் தேடுங்கள். வாப்பா சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் வீடுகளில் தாய்மாமனோ காக்காவோ (அண்ணனோ) இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். யாரோ அவனிடம் தனியாகப் பேசுகிறார்கள், பணமோ பயணமோ பேச்சில் வருகிறது என்றால் ஜமாஅத்திடமும் காவல்துறையிடமும் சொல்லத் தயங்காதீர்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது, பிள்ளையைக் காப்பாற்றுவது.

கடலில் கணவரை இழந்த பெண்களுக்கு உதவுவது ஜிஹாத் ஆகுமா? அதற்கு ஜகாத் கொடுக்கலாமா?

"விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுகிறவர் அல்லாஹ்வின் பாதையில் ஜிஹாத் செய்பவரைப் போன்றவர்" என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஜகாத்தும் கொடுக்கலாம், ஆனால் எந்தப் பங்கிலிருந்து என்பதைக் கவனியுங்கள். 9:60 வசனம் சொல்லும் எட்டுப் பங்குகளில் "அல்லாஹ்வின் பாதையில்" என்ற பங்கு ஷாஃபி மத்ஹபில் ஊதியம் பெறாமல் போரிடுகிறவர்களுக்கு உரியது. அதிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பெண் வறியவர் என்றால் ஃபக்கீர், மிஸ்கீன் (வறியவர், ஏழை) பங்கிலிருந்து அவர் கையிலேயே கொடுங்கள். தம் பெயரிலேயே கடன் வாங்கி அடைக்க முடியாமல் தவிக்கிறார் என்றால் கடனாளிகளின் பங்கிலிருந்து கொடுக்கலாம். கணவர் விட்டுப்போன கடனை அடைக்க ஜகாத்துக்குப் பதிலாக சதக்கா (விருப்ப தர்மம்) நிதியைப் பயன்படுத்துவது பேணுதல்.